பொருள்: வெள்ளிப் படச்சட்டத்தின் மேல் இருப்பது எனாமலா, சுடுகண்ணாடியா?

மடல் 1 (மொழிபெயர்ப்பாளர்)

குழுவினருக்கு வணக்கம். ருஷ்யப் பொற்கொல்லர்களைப் பற்றிய கட்டுரை ஒன்று வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு படக்குறிப்பில் சிக்கி நிற்கிறேன். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரின் ஃபாபெர்ஜே நகை நிறுவனத்துக்காக விக்டர் ஆர்னேயும், 1904இல் அவர் பட்டறையை ஏற்ற ஹ்யால்மார் ஆர்ம்ஃபெல்ட்டும் செய்த வெள்ளிப் படச்சட்டங்கள் அவை. கையால் சுழற்றும் இயந்திரத்தில் வெள்ளித் தகட்டை வைத்து அலை அலையாகவோ கதிர் கதிராகவோ நுண்கோடு வெட்டுகிறார்கள். அதன் மேல் ஈரக் கண்ணாடித் தூளைப் பரப்பி 700, 800 டிகிரி செல்சியஸில் சுடுகிறார்கள். ஆறவிட்டு, மறுபடி பூசி, மறுபடி சுட்டு, இப்படி ஐந்தாறு முறை. தேய்த்து மெருகேற்றியதும், தெளிந்த குளத்தின் அடிமணல் போலக் கோடுகள் தெரிகின்றன. இந்தக் கோட்டு வேலைக்குப் பிரெஞ்சில் கியோஷே என்று பெயர். மேலே படியும் கண்ணாடிப் படலம் ஆங்கிலத்தில் எனாமல்.

மொழிபெயர்ப்புக் கருவி அந்த எனாமலை ‘பற்சிப்பி’ என்கிறது. பல்லுக்கு அமைந்த சொல்லை வெள்ளியின் மேல் ஒட்ட எனக்கு மனம் வரவில்லை. உதவுங்கள்.

மடல் 2 (தமிழாசிரியர்)

அம்மா, ‘எனாமல்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ‘என்று சொல்லாமல்’ என்னும் பொருளில் அது தமிழில் ஏற்கெனவே எதிர்மறை வினையெச்சம். ‘சுடுகண்ணாடி’ என்பேன். வினைத்தொகை. சுட்ட, சுடுகிற, சுடும் என மூன்று காலமும் அதில் அடங்கும். ஐந்தாறு முறை உலைக்குப் போய்வரும் பொருளுக்கு இதைவிடப் பொருந்தும் சொல் உண்டா?

மடல் 3 (நகைப் பட்டறைக் குடும்பத்தவர்)

ஐயா, இலக்கணம் சரி. ஆனால் சுடுநீர் போல ‘சூடான கண்ணாடி’ என்றுதான் வாசகர் எடுத்துக்கொள்வார். உலோகத்தில் கண்ணாடி நிறம் சுட்டு ஏற்றுவதற்கு நகைத் தொழிலில் ‘மீனா வேலை’ என்ற பெயர் இருக்கிறதே, அதையே எழுதலாமே?

மடல் 4 (தமிழாசிரியர்)

மீனாவா, மகிழ்ச்சி! மின், மீன், மீனா. மின்னுவதால் விண்மீனும் மீன்தானே? நம் வேர்ச்சொல் வடக்கே போய்த் திரும்பி வந்திருக்கிறது.

மடல் 5 (கலை வரலாறு கற்பிப்பவர்)

ஐயா, மன்னிக்க வேண்டும். மீனா பாரசீகச் சொல், மின்னலோடு அதை முடிச்சுப் போட முடியாது. அதைவிட முக்கியம், ஜெய்ப்பூர் மீனா வேலையில் உலோகத்தைக் குழித்து, குழிக்குள் நிறம் நிரப்புவார்கள். பீட்டர்ஸ்பர்க் வேலையில் குழி கிடையாது. கோடு வெட்டிய பரப்பு முழுவதும் ஒரே ஒளிபுகும் படலம். மாஸ்கோவின் பாவெல் ஓவ்சின்னிக்கோவ், ஃபியோதர் ரூக்கெர்ட் ஆகியோரின் பேர்பெற்ற வேலையோ மூன்றாவது வகை. முறுக்கிய வெள்ளிக் கம்பியால் வயலில் பாத்தி கட்டுவது போல அறைகள் கட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு நிறம். அதற்கு ‘பாத்திகட்டு’ என்று நான் வகுப்பில் சொல்கிறேன், பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். மூன்றுக்கும் ‘மீனா’ என்றால் பீட்டர்ஸ்பர்கும் மாஸ்கோவும் ஒன்றாகிவிடும்.

மடல் 6 (நகைப் பட்டறைக் குடும்பத்தவர்)

ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் கோடு வெட்டும் வேலைக்கு ‘கடைசல்’ இருக்கிறது. மரமோ உலோகமோ சுழற்றிச் செதுக்கினால் அது கடைசல்தான். ‘கடைசல்வரி’ என்று வையுங்கள். ‘கடைவரி’ என்று மட்டும் சுருக்கிவிடாதீர்கள், கடைக்குப் போடும் வரியாகிவிடும்.

மடல் 7 (அறிவியல் ஆசிரியர்)

‘எனாமல்’ சொல்லில் எனக்குத் தடையில்லை. எழுத்தும் ஈறும் தமிழ் மரபுக்குள் நிற்கின்றன. வடசொல்லைத் தமிழ் எழுத்தால் எழுதி ஏற்கலாம் என்று தொல்காப்பியர் சொன்ன நெறியை இதற்கும் நீட்டலாம். ருஷ்யர்களே பழைய கிரேக்கக் கடனான ‘ஃபினிஃப்த்’தையும் பின்னால் வந்த ‘எமால்’ என்பதையும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள். ஆனால் நம் வீடுகளில் எனாமல் என்றால் கதவுக்கு அடிக்கும் பெயின்ட். ஆகவே ‘சுட்ட எனாமல்’.

இன்னொன்று. சட்டங்களில் வெள்ளியின் தூய்மையைக் காட்டும் 84 என்ற முத்திரை இருக்குமே, அதை ‘84 மாற்று’ எனலாமா?

மடல் 8 (கலை வரலாறு கற்பிப்பவர்)

வேண்டாம். நம் மாற்று வேறு கணக்கு, பத்தரை மாற்றே உயர்ந்தது. ருஷ்யக் கணக்கில் கலப்பில்லாத வெள்ளி 96 ஜொலொத்னிக். 84 என்றால் ஆயிரத்தில் 875 பங்கு. ‘மாற்று’ என்று எழுதினால் இரண்டும் குழம்பும். ஜொலொத்னிக் என்றே விட்டு, ஒரு வரியில் விளக்குங்கள்.

மடல் 9 (மொழிபெயர்ப்பாளர்)

எல்லோருக்கும் நன்றி. இரவு பதினொன்றாகிவிட்டது, ஒரு முடிவுக்கு வருகிறேன். ‘கடைசல்வரி மேல் சுட்ட எனாமல்’, ‘பாத்திகட்டு எனாமல்’, ‘84 ஜொலொத்னிக்’. இதே பாணியில் சட்டங்கள் செய்த இவான் பிரிட்சின் படத்துக்கும் முதல் தொடரையே போடுகிறேன். மீனா வேலையை ஒப்பிட்டு ஒரு வரி சேர்க்கிறேன்.

மடல் 10 (தமிழாசிரியர்)

அச்சுக்குப் போகட்டும் அம்மா. கடைசல்வரியை முழு மனத்துடன் ஏற்கிறேன். ‘சுட்ட எனாமல்’ இறந்தகாலத்தோடு நின்றுவிடுகிறது, ‘சுடுகண்ணாடி’ நிற்காது. அடுத்த பதிப்பு வரும்போது மறுபடி கேட்பேன்.