இரண்டு இலட்சம் கிலோமீற்றர் ஓடிய காரும் ஒன்ராறியோவின் உப்பும்

ரொறன்ரோவுக்குப் புதிதாக வந்து, ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ற்றில் வாடகைக்கு இருந்துகொண்டு முதல் கார் தேடுபவர்களுக்கு, கையிலிருக்கும் காசுக்கு அகப்படுவது பெரும்பாலும் இரண்டு இலட்சம் கிலோமீற்றரைத் தாண்டிய ஒரு கொரோலாவோ சிவிக்கோதான். அந்த எண்ணைக் கண்டு மிரள வேண்டியதில்லை; காலத்துக்குக் காலம் ஒயில் மாற்றப்பட்ட இத்தகைய கார்கள் மூன்று இலட்சத்தையும் கடந்து ஓடுவது இங்கே புதினமல்ல. பயப்பட வேண்டியது காரின் அடிப்பக்கத்திலுள்ள துருவுக்குத்தான்.

கடற்கரையோர வீடுகளின் இரும்புக் கேற்றை உப்புக்காற்று அரிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. குளிர்காலத்தில் வீதிகளில் கொட்டப்படும் உப்பு பனிநீரோடு கரைந்து, பிறேக் குழாய்கள், கதவுக்குக் கீழான விளிம்பு, சஸ்பென்ஷனைத் தாங்கும் சப்பிரேம் ஆகிய இடங்களில் தங்கிவிடுகிறது. என்னுடைய முதல் காரை வாங்கியபோது, 'சேஃப்டி' (கார் வீதியில் ஓடத் தகுதியானது என்ற சோதனைச் சான்றிதழ்) எடுத்த கார்தானே என்று அடியில் குனிந்தும் பார்க்கவில்லை. அடுத்த குளிர்காலத்தில் ஒரு சிவப்பு விளக்கை நெருங்கும்போது பிறேக் மிதி தரைவரை போயிற்று. பின்பக்கக் குழாய் துருவேறி வெடித்திருந்தது. அந்தச் சான்றிதழ் 36 நாட்களுக்கே செல்லும் என்பதையும், சோதித்த நாளில் குறைந்தபட்சத் தரம் இருந்தது என்பதற்கு மேல் அது எதற்கும் உத்தரவாதமல்ல என்பதையும் பிறகுதான் அறிந்தேன். ஆகவே வாங்குவதற்கு முன், விற்பவருக்குத் தொடர்பில்லாத ஒரு கராச்சில் காரை உயர்த்திப் பார்ப்பதற்குச் செலவிடுங்கள். வாங்கிய பின், ஒவ்வோர் ஆண்டும் உப்புக் கொட்டத் தொடங்குவதற்கு முன்பாக அடிப்பக்கத்துக்குத் துருத்தடுப்பு எண்ணெய் அடிப்பியுங்கள். மாரியில் இடைக்கிடை அடிப்பாகத்தையும் கழுவுங்கள்.

ஒயில் விடயத்தில் நம்மவர்கள் செய்யும் தவறு, கையேட்டில் உள்ள நீண்ட இடைவெளியை மட்டும் படிப்பது. கடுங்குளிரில் வீட்டிலிருந்து வேலைக்கும் பிள்ளையின் பள்ளிக்கும் ஐந்தாறு கிலோமீற்றர் மட்டும் ஓடும் எஞ்சின் முழுமையாகச் சூடாவதில்லை. அதனால் உள்ளே சேரும் ஈரமும் எரியாத பெற்றோலும் ஆவியாகாமல் ஒயிலோடு கலக்கின்றன. இத்தகைய ஓட்டத்தைக் கையேடுகளே கடினமான பயன்பாடு என்று தனியாக வகுத்து, குறைந்த இடைவெளி தருகின்றன. நான் ஆறு மாதம் அல்லது 8,000 கிலோமீற்றர், எது முந்துகிறதோ அதில் மாற்றுகிறேன். அதைவிட முக்கியமானது, ஓடிக் களைத்த எஞ்சின்கள் ஒயில் குடிக்கும் என்பதால், மாதத்தில் இரண்டு தடவையாவது எஞ்சினிலுள்ள ஒயில் அளவுகோலை இழுத்துப் பார்ப்பது. எச்சரிக்கை விளக்கு எரியும் வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

குடும்பம் பெருத்து ஹொண்டா ஒடிசி வான் வாங்குபவர்கள் கவனிக்க: அதன் வி6 எஞ்சினில் இருப்பது டைமிங் பெல்ற், அதாவது வால்வுகளையும் பிஸ்ரன்களையும் ஒத்து இயங்கவைக்கும் ரப்பர்ப் பட்டி. ஏறத்தாழ 160,000 கிலோமீற்றருக்கு அல்லது ஏழு ஆண்டுக்கு ஒரு முறை, தண்ணீர்ப் பம்பையும் சேர்த்து அதை மாற்ற வேண்டும். ஓட்டத்தில் அறுந்தால் வால்வுகள் பிஸ்ரனில் மோதி எஞ்சினே போய்விடும். மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். 2006க்குப் பின் வந்த சிவிக்கிலும் 1998க்குப் பின் வந்த கொரோலாவிலும் பெல்ற்றுக்குப் பதில் சங்கிலிதான். இந்தச் செலவு இல்லை.

கியர் ஒயிலை ஆயுள் முழுவதும் மாற்றத் தேவையில்லை என்று சொல்பவரை நம்ப வேண்டாம். இயந்திரம் வைத்து அழுத்திக் கழுவும் முறையை விட, வடியவிட்டு, அந்தக் காருக்கென்று விதிக்கப்பட்ட ஒயிலையே நிரப்புவதுதான் பழைய கியர்பெட்டிக்கு நல்லது. ரேடியேற்றருக்கு வெறும் தண்ணீர் ஊற்றும் ஊர்ப் பழக்கத்தை விட்டுவிடுங்கள்; கூலன்ற்றும் தண்ணீரும் சரிபாதியாக இருந்தால் சுமார் மறை 37 பாகை வரை உறையாது. பற்றரியின் மேல் எழுதியிருக்கும் குளிர்த் தொடக்க அம்பியர் (கடுங்குளிரில் எஞ்சினைத் தொடக்கும் வலு) மறை 18 பாகையில் அளக்கப்படுவது. நான்கைந்து ஆண்டு பழையதென்றால் ஒக்ரோபரிலேயே சோதித்துவிடுங்கள். 7 பாகைக்குக் கீழே போனதும் குளிர்கால ரயர்; அதற்குக் காப்புறுதியில் கழிவும் உண்டு, கேட்டு வாங்குங்கள்.

செய்த ஒவ்வொரு வேலையையும் கிலோமீற்றரோடு ஒரு கொப்பியில் எழுதி, ரசீதுகளோடு காரிலேயே வையுங்கள். எதுவரை செலவழிப்பது என்று பலரும் கேட்கிறார்கள். எஞ்சின் எவ்வளவு இனிமையாக ஓடினாலும், மெக்கானிக் திருப்புளியால் அழுத்தும்போது சப்பிரேம் உள்ளே போகுமென்றால், அதற்குப் பிறகு அந்தக் காருக்கு ஒரு பற்றரிகூட வாங்கிப் போடாதீர்கள்.