லேடெக் நூல்: விண்டோஸில் கிடைக்கும் கோப்புகள் லினக்ஸில் கிடைக்காதது ஏன்?

கேள்வி

வணக்கம். லேடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் எழுதி, விண்டோஸில் பிழையின்றித் தொகுக்கப்படும் என் நூல், இணையாசிரியரின் லினக்ஸ் கணினியில் படங்கள் இல்லை என்று நின்றுவிடுகிறது. இருவரிடமும் லேடெக் அடங்கிய டெக் லைவ் 2022 தொகுப்பு உள்ளது. வட்டில் பெரிய எழுத்தில் தொடங்கும் படக் கோப்புறையின் பெயரை மூலத்தில் சிறிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். ஆனால் கோப்புப் பெயரில் அதே தவறு நேர்ந்த அத்தியாயக் கோப்புகளை லினக்ஸ் ஏற்றுக்கொள்கிறது. இந்த வேறுபாடுதான் எனக்குப் புரியவில்லை. மேலும், கோப்புகளை எங்கே தேடுவது என்று சொல்லும் டெக்ஸ்இன்புட்ஸ் (TEXINPUTS) சூழல் மாறியில் என் பாணிக் கோப்புறையை விண்டோஸில் உள்ளபடியே குறித்தும் பயனில்லை.

மறுமொழி 1

கோப்புகளைத் தேடித் தரும் கேபாத்சீ நூலகம், டெக் லைவ் 2018 முதல், சொன்ன பெயர் அப்படியே கிடைக்காதபோது பெரிய எழுத்தா சிறிய எழுத்தா என்று பாராமல் ஒருமுறை தேடிப்பார்க்கிறது. ஆனால் அந்தச் சலுகை பாதையின் கடைசியில் உள்ள கோப்புப் பெயருக்கு மட்டுமே உண்டு. கோப்புறைப் பெயர்களுக்கு இல்லை. அதனால்தான் அத்தியாயங்கள் தப்பின, படங்கள் சிக்கின. இச்சலுகையை நம்ப வேண்டாம் என்பதே என் கருத்து: வட்டில் உள்ள பெயரையே மூலத்திலும் எழுதுங்கள். பாதையில் எந்த இயங்குதளத்திலும் முன்சாய்கோட்டையே (/) இடுங்கள். பின்சாய்கோட்டை (\), லேடெக்கின் அடித்தளமான டெக், ஒரு கட்டளையின் தொடக்கமாகவே படிக்கும்.

மறுமொழி 2

சூழல் மாறியைப் பொறுத்தவரை, பாதைகளைப் பிரிக்க விண்டோஸில் அரைப்புள்ளியும் (;) லினக்ஸிலும் மேக்கிலும் முக்காற்புள்ளியும் (:) வழக்கம். மேற்கோளுக்குள் வைக்காத அரைப்புள்ளியை கட்டளைகளைப் படித்து இயக்கும் லினக்ஸ் ஷெல், கட்டளையின் முடிவாகக் கொள்ளும் என்பதால், உங்கள் பாதையின் எஞ்சிய பகுதி மாறிக்குள் போயிருக்காது. இன்னொன்று பலர் தவறவிடுவது: பட்டியலின் இறுதியில் ஒரு பிரிப்புக்குறி நிற்க வேண்டும். அதன் பின்னுள்ள வெற்றிடத்தில்தான் இயல்பான தேடுபாதை செருகப்படுகிறது. அதை விட்டுவிட்டால் அடிப்படை வகுப்புக் கோப்புகளே அகப்படாமல் போகும். கோப்புறைப் பெயரின் முடிவில் இரட்டைச் சாய்கோடு இட்டால் உட்கோப்புறைகளும் தேடப்படும்.

உண்மையில் இம்மாறியே உங்களுக்குத் தேவையில்லை. டெக்ஸ்எம்எஃப்ஹோம் (TEXMFHOME) என்ற மாறி குறிக்கும் உங்கள் சொந்தக் கோப்புறைக்குள் டெக், அதற்குள் லேடெக் என்ற கோப்புறைகளை அமைத்துப் பாணிக் கோப்பை அங்கே வைத்தால் போதும். கேபிஎஸ்இவிச் (kpsewhich) கட்டளையிடம் கோப்பின் பெயரைக் கொடுத்தால், அது எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்று முழுப் பாதையுடன் சொல்லும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி, இரண்டும் சரியாயின. ஒரு படம் மட்டும் இரண்டு கணினிகளிலும் கிடைக்கவில்லை. அதன் பெயர் தமிழில் "கொடி" என்பது. படம் ஒரு பழைய மேக் கணினியிலிருந்து வந்தது.

மறுமொழி 1

பழைய மேக்கின் எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்த வடிவில் சேமிக்கும். "கொ" என்பதில் உள்ள ஒகரக் குறி யூனிகோடில் ஒரே குறியீடாகவும் இருக்கலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்ற இரு குறியீடுகளாகவும் இருக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது. ஆனால் பைட்டுகள் வேறு என்பதால் விண்டோஸும் லினக்ஸும் அவற்றை இரண்டு வெவ்வேறு பெயர்களாகவே கொள்ளும். அப்பெயரை உங்கள் விசைப்பலகையிலிருந்து புதிதாகத் தட்டச்சிட்டு மாற்றிப்பாருங்கள்.