பெயிண்ட் கரெக்‌ஷன் என்பதற்குத் தமிழ்ச்சொல்: ‘தீட்டல்’ பொருந்துமா?

மடல் 1 — நாகர்கோவில்

அனைவருக்கும் வணக்கம்.

நண்பரின் கான்டெசா ஒன்று மெருகு போய் நிற்கிறது. சிவப்பு நிறம், வெளிறி ரோஸ் ஆகிவிட்டது. 1984-இல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் கொண்டுவந்த வண்டி. நீண்ட போனட்டைப் பார்த்து நம்மூரில் இதைத்தான் மசில் கார் என்கிறார்கள். இதற்குச் செய்யப்போகும் வேலைக்கு ஆங்கிலத்தில் பெயிண்ட் கரெக்‌ஷன் என்று பெயர். அந்தப் பெயரைச் சொன்னால் பாதிப் பேர் புது பெயிண்ட் அடிப்பது என்று எடுத்துக்கொள்கிறார்கள், மீதிப் பேர் மெழுகு பூசுவது என்று. இரண்டுமே தவறு.

தமிழில் இப்போது புழங்குபவை ‘பாலீஷ் போடுதல்’, ‘மெருகூட்டல்’. போடுவது, ஊட்டுவது இரண்டும் எதையோ மேலே சேர்ப்பதைச் சொல்கின்றன. உண்மையில் இந்த வேலை சேர்ப்பதல்ல, எடுப்பது. கீறல் எவ்வளவு ஆழமோ அவ்வளவுக்குச் சுற்றியுள்ள பெயிண்டையும் தேய்த்து இறக்கினால்தான் பரப்பு சமமாகி ஒளி நேராகத் திரும்பும். சேர்ப்பது என்று நினைத்த உரிமையாளர் ஆண்டுதோறும் தீபாவளிக்கு ஒருமுறை செய்யச் சொல்வார். சில ஆண்டுகளில் போனட் விளிம்பில் அடிப்பூச்சான பிரைமர் எட்டிப்பார்க்கும். சொல்லில் உள்ள பிழை வண்டியில் வந்து விழுகிறது.

எனவே என் முன்மொழிவு: பூச்சுத் தீட்டல். நெல்லைக் குத்தி உமி நீக்கிய பிறகு, தவிடு போக மறுபடி குத்துவதைத் தீட்டுதல் என்கிறோம். கத்தியைத் தீட்டுகிறோம், வைரத்தைப் பட்டை தீட்டுகிறோம். மூன்றிலும் பொருள் குறைகிறது, ஒளியோ கூர்மையோ கூடுகிறது. நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

மடல் 2 — தக்கலை

> என் முன்மொழிவு: பூச்சுத் தீட்டல்

அண்ணாச்சி, காரணம் சரி, சொல்தான் இடிக்கிறது. ‘வண்ணம் தீட்டுதல்’ என்றால் வரைவது, பூசுவது. ‘பூச்சுத் தீட்டல்’ என்று கேட்டவுடன் பூச்சு அடிக்கிறார்கள் என்றுதான் காதில் விழும். தவிர்க்க நினைத்த குழப்பமே திரும்ப வருகிறது. விலக்கு என்ற பொருளில் வரும் ‘தீட்டு’ வேறு பக்கத்தில் நிற்கிறது. ‘பூச்சுத் திருத்தம்’ என்று நேராகச் சொன்னால் என்ன?

மடல் 3 — மார்த்தாண்டம்

பட்டறைப் பக்கமிருந்து சில செய்திகள். சொல்லை அதன் பிறகு பார்ப்போம்.

‘திருத்தம்’ வேண்டாம் என்பேன். பள்ளத்தை நிரப்பிப் பட்டி பார்ப்பதும் திருத்தம்தான், டச்சப்பும் திருத்தம்தான். இந்த வேலையின் தனி அடையாளமே கனம் குறைவது. கம்பெனியில் அடித்த பெயிண்ட், பிரைமரோடு சேர்த்துப் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். சுமார் இரண்டு செய்தித்தாள் கனம். கனம் அளக்கும் மைக்ரான் கேஜில் 200-க்கு மேல் காட்டினால் மறுபடி அடித்திருக்கிறார்கள். ஒரே இடத்தில் 400, 500 என்று ஏறினால் அடியில் பட்டி இருக்கிறது. முதலில் ஒவ்வொரு பேனலிலும் ஐந்தாறு இடத்தில் அளந்து எழுதி வைக்க வேண்டும். காம்பவுண்ட் என்ற கரடான தேய்ப்புப் பசையும் பாலீஷும் சேர்ந்து ஒரு முறைக்கு 3 முதல் 5 மைக்ரான் எடுக்கும். 2000 நம்பர் வாட்டர் பேப்பர் தொட்டால் அதைவிடக் கூடுதல்.

அடுத்தது, மேலே கிளியர் கோட் என்ற நிறமில்லாத படலம் உண்டா என்ற கேள்வி. கண்ணில் படாத இடத்தில் வெள்ளைத் துணியில் துளி பாலீஷ் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். துணி சிவந்தால் நிறமும் மெருகும் ஒரே படலத்தில் இருக்கும் பழைய பூச்சு. சிவக்காவிட்டால் கிளியர் இருக்கிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் மெஷினை வைக்கக் கூடாது. கிளியர் 35 முதல் 50 மைக்ரான்தான். வெயிலைத் தடுக்கும் சேர்மானம் அதில்தான் உண்டு. அதில் கால்வாசி போய்விட்டால் இப்போது பளபளப்பாக இருந்தாலும் பின்னால் உரியும். உரிந்த கிளியரைத் தேய்த்து மீட்க வழியில்லை, மறுபடி அடிக்கத்தான் வேண்டும்.

நிறம் உயிரோடு இருக்கிறதா என்று அறிய எளிய வழி, தண்ணீர் தெளிப்பது. நனைந்த இடம் ஆழ்ந்த சிவப்பாகத் தெரிந்தால் அடியில் நிறம் நன்றாக இருக்கிறது, மேலே உள்ள பொடி மட்டும் ஒளியைச் சிதறடிக்கிறது. நனைந்தும் ரோஸாகவே நின்றால் நிறமே போயிற்று.

ஒரே படலப் பூச்சில் உடனே காம்பவுண்டை எடுப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. வெயிலில் காய்ந்த பெயிண்ட் வறண்டு நொறுங்கும் நிலையில் இருக்கும், மெஷினில் மாட்டித் தேய்க்கும் பஃபில் கட்டிக்கட்டியாகப் போய்விடும். முதலில் கழுவி, ஒட்டிய அழுக்கை எடுக்கும் களிமண் கட்டியான கிளே பார் போட்டு, எண்ணெய்ச் சத்து மிகுந்த கிளேஸை டர்க்கி துணியால் கையாலேயே தாராளமாகத் தேய்த்து ஒரு ராத்திரி ஊற விடுங்கள். காலையில் துடைத்து இன்னொரு முறை. துணி நிறைய சிவப்பு வரும், பயப்பட வேண்டாம். போவது செத்த பொடி.

பிறகு விளிம்பு, பாடி லைன் எல்லாவற்றிலும் மாஸ்கிங் டேப். அங்கே பெயிண்ட் மெலிந்திருக்கும், பஃபின் அழுத்தமும் சூடும் அங்கேதான் குவியும், முதலில் தெரிவது பிரைமர். போனட்டில் இரண்டடிக்கு இரண்டடி மட்டும் சோதனை. மெல்லிய ஃபோம் பஃப், மெல்லிய பாலீஷில் தொடங்குங்கள். பட்டாணி அளவில் நான்கு துளி போதும். டூயல் ஆக்‌ஷன் மெஷினை (சுழன்றபடியே ஆடவும் செய்வது) வினாடிக்கு ஓர் அங்குலம் என்ற வேகத்தில் குறுக்கும் நெடுக்குமாக ஆறு ஓட்டம். போதவில்லை என்றால் மட்டுமே கடினமான பஃப். ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி மெஷின் வேகமாக வெட்டும். ஆனால் கை பழகாதவர் கையில் வெயிலில் வளையம் வளையமாக ஒளிரும் தடத்தை விட்டுவிடும். கம்பளி பஃப் என்றால் இன்னும் கவனம். பேனலைத் தொட்டால் கை சுடக் கூடாது; நம் ஊர் நண்பகல் வெயிலில் நிறுத்தி இந்த வேலை ஆகாது.

முடிந்தபின் ஆல்கஹால் கரைசலால் துடைத்தால்தான் கீறல் போயிற்றா, பாலீஷ் எண்ணெய் அடைத்து மறைத்ததா என்று தெரியும். ஆனால் பூச்சு டூக்கோ என்றால் ஆல்கஹால் வேண்டாம். நைட்ரோசெல்லுலோஸ் லேக்கரை அது இளக்கிவிடும். இரண்டு முறை ஷாம்பூ போட்டுக் கழுவிப் பார்த்தால் போதும்.

இனி சொல். தீட்டல் கொள்ளாம். ‘பூச்சு’ என்பதை மட்டும் மாற்றுங்கள். ‘வண்ணம் தீட்டு’ என்றால் வண்ணம் மேலே வருவது. ‘அரிசி தீட்டு’ என்றால் அரிசி தேய்வது. முன்னால் நிற்கும் பெயர்தான் பொருளை முடிவு செய்கிறது. பூச்சு இனிமேல் பூசப்படுவதாகவும் இருக்கலாம். ‘படலம்’ என்றால் ஏற்கெனவே படிந்து நிற்பது. படலத் தீட்டல் என்றால் இருப்பதைத் தேய்ப்பது என்றுதான் கேட்கும்.

மடல் 4 — குளச்சல்

படலத் தீட்டலை நானும் ஏற்கிறேன். கூடவே இன்னொரு சொல்லையும் தீர்க்க வேண்டும், அது தீராமல் தீட்டுவதா வேண்டாமா என்றே முடிவு செய்ய முடியாது.

பெயிண்ட் வெள்ளையாவதை எல்லாரும் ‘உப்புக்காத்து அடிச்சிட்டு’ என்று ஒரே காரணத்தில் முடித்துவிடுகிறார்கள். கடற்கரை வண்டிகளில் மூன்று வேறு நோய்கள் உண்டு.

வெயிலின் புற ஊதாக் கதிர் பெயிண்டின் பிசினை உடைத்து, நிறப்பொடி பிடிமானம் இழந்து மேலே நிற்பது முதலாவது. விரலால் தடவினால் ஒட்டும். இதற்கு நீறுபூத்தல் என்ற சொல்லைத் தருகிறேன். நீறு பூத்த நெருப்பு என்போமே, அதே நிலைதான்: மேலே சாம்பல், உள்ளே கனல். தண்ணீர்ச் சோதனையில் சிவப்பு தெரிவது அந்தக் கனல். இதற்குத் தீட்டல் மருந்து.

இரண்டாவது, டூக்கோ அடிக்கும்போதே பால்போல் வெளுப்பது. தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது, காற்றின் ஈரம் அதில் படிந்து படலத்துக்குள் மாட்டிக்கொள்கிறது. ஜூன் மழையிலும் ஐப்பசி மழையிலும் அடித்த வண்டிகளில் அதிகம். இதை ஈரவெளிறல் எனலாம். இதற்குத் தீட்டல் முதல் மருந்தல்ல. மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னரை லேசாக மேலே தெளித்தால் படலம் சற்றுத் திறந்து ஈரம் வெளியேறும். உலர்ந்த நாளில் செய்ய வேண்டும்.

மூன்றாவதுதான் உப்பின் வேலை. பெயிண்ட் பெயர்ந்த இடத்திலும் மட்கார்டு மடிப்பிலும் நுழைந்து தகட்டைத் துருவாக்கி மேலே கொப்புளம் எழுப்புகிறது. கொப்புளத்தின் மேல் மெஷினை ஓட்டினால் மூடி திறந்து துருவுக்கு வழி விடுவதுதான் மிச்சம். அங்கே தகடு வரை சுரண்டித்தான் ஆக வேண்டும்.

மடல் 5 — தக்கலை

‘படலம்’ வந்ததும் என் மறுப்பு விழுந்துவிட்டது, மகிழ்ச்சி. ‘தீட்டல்’ என்று தொழிற்பெயராக நின்றால் ‘தீட்டு’ என்ற மற்றப் பொருளும் ஒட்டாது. வினையாக ‘தீட்டியாச்சா?’ என்று பட்டறையில் வாயில் வரும் என்பது கூடுதல் நன்மை. கலைச்சொல் என்று வந்து பேச்சில் ஏறாமல் போனவை எத்தனையோ.

பெயிண்ட் பரப்பு ஆரஞ்சுத் தோல்போல் மேடுபள்ளமாக நிற்பதைச் சொல்லும் ஆரஞ்ச் பீல் என்பதற்கு நார்த்தந்தோல் என்று போடலாமா? மேடுபள்ளம் நார்த்தங்காயில்தான் இன்னும் தெளிவு.

மடல் 6 — நாகர்கோவில்

நார்த்தந்தோல் அருமை, எடுத்துக்கொள்கிறேன். மெழுகு, சீலன்ட் போன்றவை உண்மையிலேயே சேர்ப்பவை, அவற்றுக்கு ‘காப்பு’ என்று தனியே வைப்போம். தீட்டல் எடுப்பது, காப்பு இடுவது. காப்பை எத்தனை முறையும் இடலாம்.

இந்தச் சொற்களை வைத்து நண்பரின் வண்டிக்கு வேலை அட்டை எழுதியிருக்கிறேன். பட்டறையில் உள்ளவர்கள் படித்துப் புரிகிறதா என்று சொல்லுங்கள்:

“போனட்: நீறுபூத்தல். ஒரே படலம், கிளியர் இல்லை. கனம் 118. கிளேஸ் இரண்டு ராத்திரி. படலத் தீட்டல் ஒரு சுற்று, மெல்லிய ஃபோம். தீட்டியபின் கனம் ____. காப்பு: கார்னாபா மெழுகு. இடது பின் மட்கார்டு: கொப்புளம், தீட்டக் கூடாது.”