எடை குறைக்க வயிற்றில் பைபாஸ் செய்தும் எடை ஏறியது, ரிவிஷன் (அதைத் திருத்தும் மறு சிகிச்சை) பற்றிக் கேட்டால் திட்டு விழுகிறது

தாரகை:
"பைபாஸ் செய்தும் எடை கூடினால் வயிற்றைக் குறை சொல்லாதீர்கள், நாக்கைச் சொல்லுங்கள். ரிவிஷன் என்பது சோம்பேறிகளுக்கு டாக்டர்கள் விற்கும் இரண்டாவது டிக்கெட்." நேற்று இன்னொரு இழையில் நடைவீரன் எழுதியது இது. படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. மிச்சமிருப்பது கோழிமுட்டை அளவு வயிறுதான், அதுவும் எரிகிறது.

வயிற்றின் மேல்பகுதியை மட்டும் சின்னப் பையாக்கி, அதை நேராகக் குடலோடு இணைக்கும் பைபாஸ் எனக்கு நடந்து பல வருடம் ஆகிவிட்டது. முதலில் நன்றாக இறங்கியது. அப்புறம் இறங்கியதில் மூன்றில் ஒரு பங்கு திரும்பிவிட்டது. எண்டோஸ்கோப்பி பார்த்தார்கள். பையையும் குடலையும் இணைக்கும் வாய் 22 மி.மீ. விரிந்திருக்கிறதாம். வாய்வழியாக எண்டோஸ்கோப்பை விட்டு உள்ளே தையல் போட்டுச் சுருக்கலாம், குடல் இணைப்பைக் கீழே தள்ளி வைக்கும் பெரிய ஆபரேஷன் செய்யலாம், இரண்டும் வேண்டாம் என்றால் எடை குறைக்கும் ஊசி இருக்கிறது என்று சர்ஜன் மூன்று வழி சொன்னார். யோசிக்கத்தான் இங்கே வந்தேன், திட்டு வாங்க அல்ல.

நடைவீரன்:
என் பெயரைச் சொல்லி இழை தொடங்கியதற்கு நன்றி. எழுதியதில் ஒரு எழுத்தையும் மாற்ற மாட்டேன். எனக்கும் அதே பைபாஸ்தான், என் எடை ஏறவில்லை. அளந்து சாப்பிடுகிறேன், தினமும் நடக்கிறேன். 22 மி.மீ. என்று ஒரு எண் கையில் கிடைத்ததும் எல்லாருக்கும் நிம்மதி. குற்றவாளி அகப்பட்டுவிட்டான், இனி தட்டைப் பார்க்க வேண்டியதில்லை.

செங்கோடன்:
நடைவீரன் சார், உங்கள் வாய் எத்தனை மி.மீ.? உள்ளே இருப்பதைக் கேட்கிறேன். வெளியே இருப்பதன் அகலம் இங்கே எல்லாருக்கும் தெரியும்.

வாய் சிறியதாக இருந்தால் சாப்பாடு பையில் தங்கும், வயிறு நிறைந்த உணர்வு நிற்கும். விரிந்துவிட்டால் உள்ளே போனது போன வேகத்தில் குடலில் இறங்கிவிடும், அரை மணி நேரத்தில் மறுபடி பசிக்கும். வாய் அகல அகல, எடை திரும்புவதும் கூடுகிறது என்று 2011-லேயே ஆய்வு வந்துவிட்டது. தாரகைக்கு 22. உங்களுக்கு?

நடைவீரன்:
நான் அளக்கவில்லை. அளக்க வேண்டிய அவசியம் வரவில்லை.

செங்கோடன்:
அவ்வளவுதான் விஷயம். அளக்காதவர் அளந்தவருக்குப் புத்தி சொல்கிறார்.

புதியவன்:
ஒரு சந்தேகம். எடை திரும்பிவிட்டது என்று எதை வைத்துச் சொல்கிறோம்? மிகக் குறைந்த எடையிலிருந்து இத்தனை கிலோ ஏறினால் என்றா, இறங்கியதில் இத்தனை சதவீதம் என்றா? கொஞ்சம் ஏறுவது எல்லாருக்கும் நடப்பதுதானே? ஸ்வீடனில் நடந்த நீண்டகால ஆய்வில், பைபாஸ் செய்தவர்கள் முதல் ஓரிரண்டு வருடத்தில் உடல் எடையில் சராசரி 32 சதவீதம் இறங்கினார்கள், பத்தாவது வருடத்தில் அது 25 சதவீதமாக நின்றது. இதில் எது இயல்பு, எது கோளாறு?

செங்கோடன்:
அதெல்லாம் அப்புறம் பேசலாம் தம்பி. முதலில் அவர் எத்தனை மி.மீ. என்று சொல்லட்டும்.

மலர்விழி:
எண்டோஸ்கோப்பி அறையில் வேலை பார்க்கிறவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். செங்கோடன் அண்ணா, 2011 சரி, 2013-ல் வந்த தையல் ஆய்வை ஏன் விட்டுவிட்டீர்கள்? வாய் 2 செ.மீ.க்கு மேல் விரிந்தவர்களை மட்டும் எடுத்து, ஒரு பகுதிக்கு நிஜத் தையல், இன்னொரு பகுதிக்குத் தையல் போட்டது போல் பாவனை. ஆறு மாதத்தில் நிஜத் தையலுக்கு 3.5 சதவீதம் இறங்கியது, பாவனைக்கு 0.4. வித்தியாசம் உண்டுதான். ஆனால் நூறு கிலோ ஆளுக்கு மூன்றரை கிலோ! இதைச் சொல்லாமல் மி.மீ. மி.மீ. என்று கத்துவது நியாயமா?

செங்கோடன்:
அது பழைய கருவிம்மா. திசுவை உறிஞ்சி மேலாகத் தைத்தது. பிறகு வந்த கருவி சுவர் முழுவதையும் கோத்துத் தைக்கிறது. 2020-ல் 331 பேரை வைத்து வந்த முடிவைப் பார்த்தீர்களா? ஐந்தாவது வருடத்திலும் 8.8 சதவீதம் குறைந்தே நின்றது. எண்டோஸ்கோப்பி அறையில் இருப்பவருக்கு நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

எனக்கு அந்தத் தையல்தான் போட்டார்கள். பலூனை அளவாக வைத்து அதைச் சுற்றி முடிச்சு இழுத்தார்கள். முடிந்தபோது வாய் 8 மி.மீ. விழித்ததும் நான் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

மலர்விழி:
அந்த 331-ல் பாவனைக் குழு இல்லை அண்ணா. பலருக்கு நடுவில் மருந்தும் கொடுத்தார்கள், சிலருக்கு மறுபடி தையலும் போட்டார்கள். அதை எல்லாம் தையல் கணக்கில் எழுதுகிறீர்கள்.

செங்கோடன்:
8 மி.மீ. அதற்கு பதில் சொல்லுங்கள்.

மலர்விழி:
எதற்கு பதில்? நீங்கள் கேள்வியே கேட்கவில்லையே.

கருவிழி:
தாரகை அக்கா, அந்தப் பெரிய ஆபரேஷன் பக்கம் போகாதீர்கள். என் பெரியம்மா பெண்ணுக்குச் செய்தார்கள். எடை மளமளவென்று இறங்கியது, கூடவே புரதமும் இறங்கியது. சத்து உறிஞ்ச மிச்சம் வைத்த குடல் போதவில்லை. கால் வீங்கி, கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். ஓயாத வயிற்றுப்போக்கு. கடைசியில் குடலை மறுபடி நீட்டி வைக்க இன்னொரு ஆபரேஷன்.

நடைவீரன்:
பார்த்தீர்களா? முதல் ஆபரேஷன், அதைத் திருத்த இரண்டாவது, அதைத் திருத்த மூன்றாவது. நான் சொன்ன டிக்கெட் இதுதான்.

செங்கோடன்:
அது குடல், இது வாய். இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பாதீர்கள். உங்கள் வாய் எத்தனை மி.மீ. என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

மூத்தவர்:
இத்தனை பேர் பேசுகிறீர்கள், ஒருவராவது பழைய வயிற்றைப் பற்றிக் கேட்டீர்களா? பைபாஸில் அதை வெட்டி எறிவதில்லை, ஒதுக்கித்தான் வைக்கிறார்கள். பைக்கும் அதற்கும் நடுவில் ஓட்டை விழுந்துவிட்டால் சாப்பாடு பழைய வழியிலேயே போகும். அப்போது வாயை 8 ஆக்கி என்ன, 5 ஆக்கி என்ன? பேரியம் குடிக்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரேயில் தெரியும். ஸ்டீராய்டு, இன்சுலின், சில மனநல மருந்துகளும் எடை ஏற்றும். அதையும் பாருங்கள்.

செங்கோடன்:
ஐயா, மரியாதையோடு சொல்கிறேன். அவருக்கு ஓட்டை என்று யாரும் சொல்லவில்லை, 22 என்று சொல்லியிருக்கிறார்கள். 22-ஐ வைத்துப் பேசுவோம்.

தாரகை:
ஓட்டை இல்லை, பார்த்துவிட்டார்கள். ஊசி பற்றி யாராவது சொல்லுங்களேன். தையலுக்குப் பிறகு எத்தனை நாள் திரவ உணவு என்றும் தெரிந்தால் நல்லது. வேலைக்குப் போக வேண்டும்.

மலர்விழி:
தையல் பிரிந்துவிடக் கூடாது என்பதால் சில வாரம் திரவ உணவு, அப்புறம் மசித்தது. எவ்வளவு காலம் என்பது இடத்துக்கு இடம் மாறும், உங்கள் டயட்டீஷியனிடமே கேளுங்கள். ஊசிக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. பைபாஸோ, வயிற்றின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் ஸ்லீவ் ஆபரேஷனோ செய்தும் எடை சரியாகக் குறையாதவர்களுக்கு லிராகுளுடைட் 24 வாரம் கொடுத்த ஆய்வு 2023-ல் வந்தது. ஊசி போட்டவர்களுக்கு 8.8 சதவீதம் இறங்கியது, வெற்று ஊசிக்கு 0.5. வாரம் ஒருமுறை போடும் செமாகுளுடைட், டிர்செபடைட் அதைவிட அதிகமாக எடை குறைப்பவை. மயக்க மருந்து இல்லை, தையல் இல்லை.

செங்கோடன்:
அதுவும் 8.8, இதுவும் 8.8. தையல் ஐந்து வருடம், ஊசி 24 வாரம். ஊசியை நிறுத்தினால் என்ன ஆகும் என்று நீங்களே சொல்லுங்கள்.

மலர்விழி:
எடை திரும்பும். தையலும் தளரும் அண்ணா. உங்கள் 8 இன்று எத்தனை மி.மீ.?

செங்கோடன்:
அது என் சொந்த விஷயம்.

நடைவீரன்:
ஹா ஹா ஹா! இழையைப் பூட்டிவிடலாம்.

செங்கோடன்:
நீங்கள் சிரிக்காதீர்கள். சத்து மாத்திரை எல்லாம் முதல் வருடத்தோடு போதும் என்று பழைய இழையில் எழுதியவர்தானே நீங்கள்? பைபாஸ் செய்தவர்களுக்கு பி12, இரும்பு, கால்சியம் எல்லாம் வாழ்நாள் முழுவதும் வேண்டும் என்று பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். அதைக் கேட்டுப் பூங்காற்று மாத்திரையை நிறுத்தி, ரத்தசோகையில் போய் படுத்தாரே.

நடைவீரன்:
அப்படி நான் எழுதவே இல்லை. "ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தால்" என்று எழுதியிருந்தேன்.

பூங்காற்று:
அந்த "இருந்தால்" எனக்கு ஞாபகம் இல்லை சார். இரும்பு ஊசி போட ஆஸ்பத்திரியில் கையை நீட்டிப் படுத்திருந்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

நடைவீரன்:
பரிசோதனை செய்யாமல் நிறுத்தியது உங்கள் தவறு. என் தலையில் கட்டாதீர்கள்.

கருவிழி:
ஒருவர் கஷ்டப்பட்டதைச் சொன்னால் இப்படியா பதில் சொல்வது? நாக்கு, சோம்பேறி, உங்கள் தவறு. உங்களிடம் இந்த மூன்றுதான் இருக்கிறதா?

புதியவன்:
என் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

மட்டுறுத்துநர்:
தனிநபர் தாக்குதல் வேண்டாம். தாரகையின் கேள்விக்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

செங்கோடன்:
மட்டுறுத்துநர் அவர்களே, அந்தப் பழைய இழையில் நான் எழுதிய பதிலை நீக்கியது நீங்கள்தானே? அவர் எழுதியது அப்படியே நிற்கிறது, நான் மறுத்தது மட்டும் காணோம். அப்போதே கேட்க நினைத்தேன்.

மட்டுறுத்துநர்:
வசைச்சொல் இருந்தது.

செங்கோடன்:
"அறிவிலி" வசைச்சொல்லா?

நடைவீரன்:
என்னைத்தான் சொன்னீர்கள் என்று இப்போது ஒத்துக்கொள்கிறீர்கள். நல்லது.

தாரகை:
அடுத்த வாரம் சர்ஜனைப் பார்க்கிறேன். 22-க்குத் தையலா ஊசியா என்று ஒரு வரியில் சொல்ல முடிந்தவர்கள் சொல்லுங்கள்.

செங்கோடன்:
தையல்.

மலர்விழி:
முதலில் ஊசி.

நடைவீரன்:
நடை.

பூங்காற்று:
நடைவீரன் சார், அந்தப் பழைய பதிவின் ஸ்கிரீன்ஷாட் என் பழைய போனில் இருக்கிறது. சார்ஜ் ஏறியதும் போடுகிறேன்.

நடைவீரன்:
போடுங்கள். தேதியோடு முழுதாகப் போட வேண்டும், வேண்டியதை மட்டும் வெட்டிப் போடும் வேலை கூடாது.