மயலின் திரும்ப வளருமாமே, வளர்ப்பது யார்?

காரைக்குடி அக்கா:
தம்பிக்கு வலது கண் நரம்பில் அழற்சி. ஸ்டீராய்டு ஏற்றினார்கள், பார்வை முக்கால்வாசி வந்துவிட்டது. "மயலின் உறை உரிந்திருக்கு, ஓரளவு தானா வளரும்" என்றார் டாக்டர். மயலின் என்பது நரம்பு இழையைச் சுற்றியிருக்கும் கொழுப்பு உறையாம். நரம்பு செல் புதுசா முளைக்காது என்றல்லவா படித்தோம்? அப்புறம், வெயிலில் கொப்புடையம்மன் கோயில் வரை போய்வந்தாலே அந்தக் கண்ணுக்குச் சிவப்பு வெளிறித் தெரிகிறதாம். மறுபடி உரிகிறதா?

தேவகோட்டை வாத்தியார்:
தங்கச்சி, அது நரம்பு செல்லின் வேலையே இல்லை. மூளையிலும் கண் நரம்பிலும் மயலினைச் சுற்றுவது ஆலிகோடெண்ட்ரோசைட் என்னும் கிளியா செல், அதாவது நரம்பு செல்லுக்குத் துணை நிற்கும் செல். 1921-இல் ஸ்பெயின்காரர் ரியோ ஒர்தேகா வைத்த பெயர். ஒரே செல் பல கைகளை நீட்டி 50 இடம் வரை சுற்றும். கை கால் நரம்பில் இருக்கும் ஷ்வான் செல்லுக்கு ஒரு துண்டுதான் பொறுப்பு. ஆக, ஒரு ஆலிகோ செத்தால் பல இழைகளில் உறை போகும்.

பழுது பார்க்க வருவது பெரும்பாலும் அதன் முன்னோடி செல்கள். வளர்ந்த மூளையிலும் இவை சுமார் 5 சதவீதம் காத்துக் கிடக்கின்றன. உரிந்த இடத்துக்கு நகர்ந்து, பெருகி, ஆலிகோவாக முதிர்ந்து சுற்றும். ஆனால் அதற்கு முன் மைக்ரோகிளியா என்னும் மூளையின் துப்புரவு செல்கள் பழைய மயலின் சிதைவை விழுங்கித் தீர்க்க வேண்டும். எங்கள் வீட்டு வளவில் சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்தபோது, கொத்தனார் கரண்டியைத் தொடாமல் சுரண்டிக்கொண்டே இருந்தார். எனக்கே எரிச்சல். சுரண்டாமல் பூசினால் பிடிக்காதாம். இங்கேயும் சிதைவு கிடந்தால் முன்னோடி செல்கள் முதிராமல் நின்றுபோகும். வயதாக ஆக இந்தத் துப்புரவு மந்தமாகும். தம்பி சின்ன வயசு என்றால் நல்லது. புது உறை பழசைவிட மெல்லிசுதான், ஆனாலும் சிக்னல் ஓடும்.

பள்ளத்தூர் ஆச்சி:
எனக்கு எம்.எஸ்., அதாவது மயலின் உரியும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய். வெயில் விஷயம் எனக்கு அத்துப்படி. ஊட்டாஃப் என்ற ஜெர்மன் கண் டாக்டர் 1890-லேயே எழுதி வைத்தது. உடம்பு சூடானால் உறை மெலிந்த நரம்பில் சிக்னல் தடுமாறும். புதுசா உரிவதில்லை. பட்டாலையில் ஆத்தங்குடிக் கல் தரையில் கொஞ்ச நேரம் படுத்தால் எனக்குத் தெளிந்துவிடும். ஒரு நாள் தாண்டியும் மங்கலாகவே இருந்தால் மட்டும் உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

காரைக்குடி அக்கா:
நன்றி ஆச்சி. சார், வளர்க்க மருந்து உண்டா?

தேவகோட்டை வாத்தியார்:
க்ளெமாஸ்டீன் என்ற பழைய அலர்ஜி மாத்திரையை எம்.எஸ். நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 2017-இல் முடிவு வெளியிட்டார்கள். கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் சிக்னல் 2 மில்லிசெகண்டுக்கும் குறைவாக வேகம் கூடியது, அவ்வளவுதான். அசதியும் கூடியது. மெடிக்கலில் போய்க் கேட்டு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.