ஸ்கிட் அடிக்கும்போது (பின் சக்கரத்தைப் பூட்டிச் சறுக்கும்போது) ஃபிக்ஸட் கியர் சைக்கிளை நிறுத்துவது முன்காலா, பின்காலா?

ஒற்றைப்பல்:
வார்க்காரன் அண்ணன் நேற்று ஒரு புதியவருக்குப் புத்தி சொல்கிறேன் பேர்வழி என்று "ஃபிக்ஸட் கியரில் கிளிப்லெஸ் (ஷூவின் அடியில் உள்ள கிளீட் என்ற துண்டைப் பூட்டிக்கொள்ளும் பெடல்) மாட்டுவது தற்கொலை, ஸ்கிட் அடிக்க வார் போட்ட பெடலே போதும், பின்கால் அமுக்கினால் வண்டி நின்றுவிடும்" என்று எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. தற்கொலை என்றதைக்கூட விட்டுவிடுகிறேன், அண்ணன் பேச்சு எப்போதும் அப்படித்தான். பின்கால் அமுக்கினால் வண்டி நிற்கும் என்பது எந்தக் கணக்கு? இந்த வண்டியில் ஃப்ரீவீல் (மிதிக்காதபோதும் சக்கரத்தைத் தனியாகச் சுழலவிடும் அமைப்பு) கிடையாது, பின் சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும். உடம்பை ஹேண்டில்பார் பக்கம் சாய்த்து, பின் சக்கரத்தின் பாரத்தைக் குறைத்து, கிராங்க் (பெடலைத் தாங்கும் தண்டு) இரண்டும் தரைக்கு இணையாக வரும் நொடியில் காலைப் பூட்ட வேண்டும். அந்த நொடியில் முன் பெடல் கீழே போகப் பார்க்கும். அதைப் போகவிடாமல் மேலே இழுத்துப் பிடிப்பது முன்கால். இழுக்க வேண்டுமென்றால் கால் பெடலோடு பூட்டியிருக்க வேண்டும். கிளீட் பூட்டும், வார் இளகும். இவ்வளவுதான்.

வார்க்காரன்:
வாங்க வாங்க, பேராசிரியர் வந்துவிட்டார். முன் பெடல் கீழே போகப் பார்க்கும்போது பின் பெடல் என்ன செய்யுமாம், வேடிக்கை பார்க்குமா? அது மேலே வரப் பார்க்கும். அதன்மேல் என் முழு உடல் எடையும் ஏறி நிற்கிறது. ஒரு மனிதன் காலைக் கீழே அமுக்கும் பலமும் மேலே இழுக்கும் பலமும் ஒன்றா? மாடிப்படி ஏறும்போது எந்தக் கால் உங்களைத் தூக்குகிறது என்று பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள். முன்கால் சும்மா துணைக்கு.

அப்புறம், வார் இளகும் என்கிறீர்கள். ஜப்பானில் கெய்ரின் என்ற சைக்கிள் பந்தயம் 1948இல் தொடங்கியது. இன்றைக்கும் அங்கே டோ கிளிப்பும் (ஷூ நுனியைப் பிடிக்கும் கூண்டு) தோல் வாரும்தான். அந்தத் தொடைகளுக்குத் தாங்கும் வார் உங்கள் காலுக்கு இளகிவிடுமா?

ஒற்றைப்பல்:
கெய்ரினை இழுத்துக்கொண்டு வருவீர்கள் என்று தெரியும். அது மூடிய ஓடுதளம். அங்கே சிக்னல் உண்டா, குறுக்கே நாய் வருமா? ஸ்கிட் அடிக்க வேண்டிய அவசியமே அவர்களுக்கு இல்லை. வாரை இறுக்கிக்கொண்டு கிளம்பினால் பந்தயம் முடிந்த பிறகு கையால் தளர்த்திக் காலை எடுப்பார்கள். நீங்கள் சாலையில் அப்படிக் குனிந்து வாரைத் தளர்த்திக்கொண்டிருங்கள், பின்னால் வரும் லாரி காத்திருக்கட்டும். ஒலிம்பிக் ஸ்பிரிண்ட் ஓட்டுபவர்களில் பலர் கிளீட் மாட்டிய ஷூவுக்கு மேலேயும் ஒரு வார் போடுவார்கள், கவனித்திருக்கிறீர்களா? வார் மட்டும் போதுமென்றால் அடியில் கிளீட் எதற்கு?

மாடிப்படி உதாரணம் அருமை. மாடிப்படி உங்கள் காலை மேலே தள்ளுவதில்லை அண்ணே. சுற்றும் பின் பெடல் தள்ளும். அமுக்க அமுக்க நீங்கள்தான் சீட்டை விட்டு எழும்புவீர்கள். அப்படி எழும்பாமல் உங்களைக் கீழே பிடித்து வைப்பது எது? முன்கால்.

கால்குலேட்டர்:
இருவரும் ஒரு நிமிடம் நில்லுங்கள். முன்கால் மேலே இழுக்கும் விசையும் பின்கால் கீழே அமுக்கும் விசையும் சேர்ந்துதான் கிராங்கைப் பின்னோக்கித் திருப்பப் பார்க்கின்றன. ஒன்றில்லாமல் இன்னொன்றுக்கு முழுப் பலம் வராது. அதோடு, "நிறுத்துவது" என்று எதைச் சொல்கிறீர்கள்? சக்கரத்தைப் பூட்டிச் சறுக்குவதையா, பூட்டாமல் காலால் எதிர்த்து மெல்ல வேகத்தைக் குறைப்பதையா? இரண்டும் வேறு. முதலில் அதை முடிவுசெய்தால் பாதி சண்டை தீர்ந்துவிடும்.

வார்க்காரன்:
பாருங்கள், அவரே சொல்லிவிட்டார், பின்கால் கீழே அமுக்கும் விசை என்று.

ஒற்றைப்பல்:
முன்கால் என்றுதான் முதலில் சொல்லியிருக்கிறார். வரிசையைப் பாருங்கள்.

தட்டைப்பெடல்:
முன் சக்கரத்தில் ஒரு பிரேக் மாட்டுங்கள், எந்தக் காலும் எதையும் செய்ய வேண்டாம். வேகம் குறையும்போது பாரமெல்லாம் முன் சக்கரத்துக்குப் போகிறது, பின் சக்கரம் லேசாகிறது. லேசான சக்கரத்தைப் பூட்டி வைத்துக்கொண்டு சறுக்கினால் எவ்வளவு தூரத்தில் நிற்பீர்கள்? வித்தை காட்ட ஸ்கிட் நல்லது, நிற்க முன் பிரேக்தான். நான் சாதாரணத் தட்டைப் பெடல், சாதாரண செருப்பு, முன் பிரேக். பல வருடமாக ஒரு குறையும் இல்லை.

ஒற்றைப்பல்:
ஃபிக்ஸட் கியரில் செருப்பா? இறக்கத்தில் போயிருக்கிறீர்களா? 46-16 கியர் (முன்னால் 46 பல், பின்னால் 16 பல்), சக்கரச் சுற்றளவு சுமார் 2.1 மீட்டர் என்று வைத்தால் ஒரு சுற்று மிதித்தால் வண்டி 6 மீட்டர் போகும். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் கால் நிமிடத்துக்கு 138 சுற்று சுற்ற வேண்டும். அந்த வேகத்தில் செருப்பு ஒருமுறை நழுவட்டும். பெடல் நிற்காது, அது பாட்டுக்குச் சுற்றி வந்து கெண்டைக்காலில் அடிக்கும், காலைத் திரும்ப வைக்கவும் விடாது. பிரேக் இருக்கிறது என்பீர்கள். கால் அந்தரத்தில், பெடல் சாட்டை மாதிரி வீசிக்கொண்டிருக்க, ஒரு கையால் பிரேக் பிடித்துச் சமாளித்துவிடுவீர்களா?

தட்டைப்பெடல்:
50இல் இறங்க எனக்கென்ன பைத்தியமா? பிரேக் இருப்பதால் 25இல் இறங்குகிறேன். பிரேக் இல்லாதவர்தான் 138 சுற்றுக்குப் பயப்பட வேண்டும்.

புதுச்சக்கரம்:
வணக்கம், நேற்று கேள்வி கேட்ட புதியவர் நான்தான். 48-16 வண்டி எடுத்திருக்கிறேன். முன் பிரேக் இருக்கிறது. எந்தப் பெடல் மாட்டலாம் என்று மட்டும் சொன்னால் போதும்.

சங்கிலிச்சாமி:
தம்பி, பெடலை விடுங்கள், முதலில் 16ஐ மாற்றுங்கள். 48ஐ 16ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 3. கிராங்க் ஒரு சுற்றுக்குச் சக்கரம் சரியாக மூன்று சுற்று. அதனால் ஒவ்வொரு முறை ஸ்கிட் அடிக்கும்போதும் டயரின் ஒரே இடம்தான் தரையில் தேயும். கொஞ்ச நாளில் அந்த ஓர் இடத்தில் நூல் தெரியும், மற்ற இடமெல்லாம் புதிதாகவே இருக்கும். பின்னால் 17 போட்டால் தேயும் இடம் 17ஆகப் பிரிந்துவிடும். டயர் பல மடங்கு உழைக்கும்.

ஒற்றைப்பல்:
47-17 போடட்டும், 34 இடம் கிடைக்கும்.

சங்கிலிச்சாமி:
இரண்டு காலையும் மாற்றி மாற்றி முன்னால் வைத்து ஸ்கிட் அடிப்பவருக்குத்தான் 34. ஒரே காலை முன்னால் வைப்பவருக்கு 47-17லும் 17தான். புதியவருக்கு இரண்டு காலும் வருமா? அரைக் கணக்குச் சொல்லிக் குழப்பாதீர்கள்.

ஒற்றைப்பல்:
அரைக் கணக்கா? முன்பல் ஒற்றைப்படையாக இருந்தால் இரட்டிப்பாகும் என்பதைப் போன வருடம் இதே கூட்டத்துக்கு விளக்கியவனே நான்தான். நீங்கள் அப்போது இங்கே இல்லை.

வார்க்காரன்:
போன வருடத்தைப் பற்றிப் பேசலாமா? 170 மி.மீ. கிராங்க் போட்டால் வளைவில் பெடல் தரையில் தட்டாது என்று அடித்துப் பேசியதும் இதே பேராசிரியர்தான். இந்த வண்டியில் வளைவில் உட்பக்கப் பெடலைத் தூக்கி வைத்துக்கொள்ள முடியாது, அது சுற்றியே தீரும், அதனால்தான் ஆட்கள் 165 தேடுகிறார்கள் என்று நானும் சாமியும் தொண்டை கிழியச் சொன்னோம். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றார். இப்போது அந்த முயலுக்கு முன்கால் மட்டும்தான் போலிருக்கிறது.

ஒற்றைப்பல்:
என் வண்டியின் கிராங்க் அச்சு உயரத்துக்கு 170 தட்டவில்லை என்றுதான் சொன்னேன், இன்றைக்கும் தட்டவில்லை. தரையில் தட்டுவது எது தெரியுமா? உங்கள் டோ கிளிப். கால் நுழையாதபோது அது கனத்தில் தலைகீழாகக் கவிழ்ந்து தரையை உரசிக்கொண்டே வரும். ஷூ நுனியால் பெடலைத் தட்டித் திருப்பிக் காலை நுழைக்க வேண்டும், பெடலோ சுற்றிக்கொண்டே இருக்கிறது. சிக்னல் பச்சை விழுந்ததும் பெடலைத் தட்டித் தட்டிப் பார்க்கிற அந்தக் காட்சியை நான் போதுமான அளவு பார்த்துவிட்டேன். எஸ்பிடி (ஒரு வகைக் கிளிப்லெஸ்) பெடலுக்கு இரண்டு பக்கமும் வாய். எந்தப் பக்கம் வந்தாலும் கிளீட் மூக்கை நுழைத்து அழுத்தினால் 'டக்'. முடிந்தது.

வார்க்காரன்:
அகல வெல்க்ரோ வாரைக் காலில் போட்டுப் பார்த்திருக்கிறாரா இவர்? குதிகாலை உள்பக்கம் திருப்பிச் சாய்வாக நுழைத்து நேராக்கினால் தானாக இறுகும். திரும்பச் சாய்த்தால் இளகும். தட்டவும் வேண்டாம், குனியவும் வேண்டாம். வாங்கின நாளில் ஷூவுக்கு அளவு பார்த்து ஒட்டினால் சரி.

சரி, இவருடைய 'டக்' கதையை நான் சொல்கிறேன், உடன் ஓட்டியவர்களுக்குத் தெரியும். எஸ்பிடி கிளீட்டைப் பிடிப்பது இரண்டே போல்ட். அதில் ஒன்று கழன்று எங்கோ விழுந்துவிட்டது, பேராசிரியர் கவனிக்கவில்லை. சிக்னலில் நிற்க வந்து குதிகாலை வெளியே திருப்பினார். ஷூ திரும்பியது, கிளீட் பெடலிலேயே நின்றது. இன்னும் திருப்பினார். முழங்கால் உள்ளே வளைந்து கால் பின்னிக்கொண்டதே தவிர விடுபடவில்லை. வண்டியும் ஆளும் மெதுவாக ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஆட்டோக்காரர் ஒருவர் இறங்கி வந்து ஷூவின் கயிற்றை அவிழ்த்துக் காலை உருவினார். பெடலோடு தொங்கிய அந்த ஷூவைப் படம் எடுக்காமல் விட்டோம் என்று இன்றும் வருத்தம்.

ஒற்றைப்பல்:
போல்ட் கழன்றதற்குப் பெடல் என்ன செய்யும்? ஆடத் தெரியாதவர் கூடம் கோணல் என்பது இதுதான். போல்ட்டைப் பார்த்து முறுக்கினால் அந்தப் பிரச்சினையே இல்லை. 3 மி.மீ. ஆலன் சாவி ஒன்று இருந்தால் விடுபடும் இறுக்கத்தையும் வேண்டிய அளவு தளர்த்தலாம், பல பக்கமும் திருப்பி விடுவிக்கும் கிளீட்டும் உண்டு. இதையெல்லாம் சொல்லாமல் ஷூ கதை சொல்லிச் சிரிக்க வைத்தால் முன்கால் இழுப்பது பொய்யாகிவிடுமா?

தட்டைப்பெடல்:
இறுக்கத்தைத் தளர்த்தினால், நீங்கள் சொல்கிற அந்த முன்கால் வெடுக்கென்று இழுக்கும்போது கிளீட் கழன்று வராதா? தேய்ந்த கிளீட்டில் அப்படிக் கழன்று வந்து விழுந்தவரை நான் பார்த்திருக்கிறேன்.

ஒற்றைப்பல்:
செருப்புக்காரர் கிளீட்டைப் பற்றிப் பேசுகிறார். காலம்.

கால்குலேட்டர்:
இழுப்பது பற்றி 2007இல் வந்த ஓர் ஆய்வு உண்டு. மிதிக்கும்போது பெடலை மேலே இழுக்கச் சொன்னார்கள். பெடல் விசை சீராக வந்தது, ஆனால் உடம்பு செலவழித்த ஆற்றலுக்குக் கிடைத்த பலன் குறைந்தது. அதனால் இழுப்பதற்காக மட்டும் கிளீட் மாட்டுவதை யோசிக்கலாம்.

வார்க்காரன்:
ஆய்வே வந்துவிட்டது! பேராசிரியர் எங்கே?

ஒற்றைப்பல்:
இங்கேதான். அது வண்டியை முன்னால் ஓட்டும்போது இழுப்பது. நான் பேசுவது நிறுத்தும்போது இழுப்பது. ஸ்கிட் அடிக்கையில் யார் ஆற்றல் மிச்சம் பிடிக்கிறார்? கால்குலேட்டர் சார், நீங்கள் நல்லவர், ஆனால் வார்க்காரன் கையில் இப்படி எடுத்துக் கொடுக்காதீர்கள்.

வார்க்காரன்:
ஆதாரம் கேட்பார், கொடுத்தால் அது வேறு இழுப்பு என்பார். இழுப்பில் எத்தனை வகை வைத்திருக்கிறீர்கள் ஐயா?

புதுச்சக்கரம்:
17 பல் ஆர்டர் போட்டுவிட்டேன். பெடல்...?

சங்கிலிச்சாமி:
தம்பி, 17ஐ மாட்டும்போது லாக்ரிங்கை நன்றாக முறுக்குங்கள். அதன் மரை இடது பக்கம், பல்சக்கரத்துக்கு நேர்மாறு. காலால் எதிர்த்துப் பின்னோக்கி அழுத்தும்போது பல்சக்கரம் கழலப் பார்க்கும், அதைத் தடுப்பது லாக்ரிங் மட்டும்தான். அது தளர்ந்திருந்தால் கிளீட், வார், செருப்பு எல்லாம் ஒன்றுதான். நான் பார்த்த வண்டிகளில் பாதியில் அந்த இடத்தில் கிரீஸையே காணோம்.

ஒற்றைப்பல்:
நன்றி சாமி. பல்சக்கரத்தையே கழற்றும் அளவுக்கு விசை எங்கிருந்து வருகிறது என்று வார்க்காரனிடம் கேளுங்கள்.

வார்க்காரன்:
பின்காலிலிருந்து.

சங்கிலிச்சாமி:
நான் சொன்னது கிரீஸ் பற்றி.

ஒற்றைப்பல்:
ஞாயிற்றுக்கிழமை வீடியோ எடுத்துப் போடுகிறேன். மெதுவான வேகத்தில் ஓட விட்டுப் பாருங்கள், முன்கால் கெண்டைச் சதை எப்படி நிற்கிறது என்று தெரியும்.

வார்க்காரன்:
செயின் இருக்கும் பக்கத்திலிருந்து எடுங்கள். போனமுறை ட்ராக் ஸ்டாண்ட் (காலை ஊன்றாமல் வண்டியை அசையாமல் நிறுத்திவைப்பது) அடிக்கிறேன் என்று போட்ட வீடியோவில் மறுபக்கம் சுவரில் கை ஊன்றியிருந்தது கண்ணாடியில் தெரிந்தது.

ஒற்றைப்பல்:
அது சுவர் இல்லை, கம்பம். அதுவும் கடைசி நொடியில்.