அழைப்பு இருந்தால்தான் உள்ளே: பூட்டிய பாட்டுக் குழுக்களில் உங்கள் அனுபவம் என்ன?

ஹட்டன் பக்கமிருந்து:

2021இல் ஸ்போட்டிஃபை என்ற பாட்டுச் செயலி இலங்கைக்கு வந்ததும், "இனி எதுக்குடா அந்தக் குழு?" என்று கூட்டாளிமார் கேட்டார்கள். உறுப்பினர்கள் தங்கள் கணினியிலுள்ள பாட்டுக் கோப்புகளை இணையத்தில் ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொள்ளும் குழு அது. நான் இன்னும் அங்கேதான் இருக்கிறேன். பெயரைச் சொல்ல மாட்டேன். வெளியே சொல்லக்கூடாது என்பது அங்கே விதி.

ஓசியில் பாட்டு வேண்டுமென்றால் யூடியூப் போதும், இவ்வளவு பாடுபடத் தேவையில்லை. உள்ளே போக ஒரு உறுப்பினர் அழைக்க வேண்டும். நாம் ஏதாவது கோளாறு செய்தால் அழைத்தவருக்கும் சேர்த்து ஆப்பு. 2016 நவம்பரில் மூடிய வாட்.சிடி குழுவில், அழைப்பு கிடைக்காதவர்களுக்கு ஐஆர்சி அரட்டையில் நேர்முகத் தேர்வே வைத்தார்கள். பிட்ரேட் என்றால் என்ன, எம்பி3 கோப்பை ஃபிளாக் என்ற தரம் குறையாத வடிவத்துக்கு மாற்றினாலும் தரம் ஏன் உயராது என்றெல்லாம் கேள்வி. எனக்குத் தெரிந்த ஒருவர் உயர்தரப் பரீட்சைக்குக்கூட அப்படிப் படித்ததில்லை.

உள்ளே போனால் ரேஷியோ தொல்லை. எடுத்த அளவுக்கு ஈடாக மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும். கொழும்பில் ஃபைபர் உள்ளவர்களுக்கு அது விளையாட்டு. தேயிலைத் தோட்டத்தில் நமக்கு 4ஜி ரூட்டர்தான். சிம் நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது ஐபி முகவரிக்குப் பின்னால் வைத்துவிடுவதால், வெளியில் இருப்பவர் தானாக நம் கணினிக்கு வந்து எடுக்க வழியில்லை. நாம்தான் அவரைத் தேடிப் போக வேண்டும். இரவு டேட்டா தொடங்கும்வரை முழித்திருந்தாலும் நாம் கொடுக்கும் கோப்பு ஆமை வேகத்தில்தான் ஏறும். 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் கரண்ட் போனபோது கேட்கவே வேண்டாம். அளவில் போட்டி போட முடியாது. வேறு எவரிடமும் இல்லாததைக் கொண்டுபோனால்தான் அங்கே நமக்கு மரியாதை.

அப்படித்தான் சித்தப்பாவின் கசெட்டுகள் பெட்டியை விட்டு வெளியே வந்தன. மாசியில் எங்கள் தோட்டத்தில் ஆடிய காமன் கூத்து, அதாவது மன்மதன், ரதி கதை. கோயில் பிளக்கில் டூ-இன்-வன் ரேடியோவைச் சொருகிப் பதிந்தது. ரதி புலம்பல், அதை மூடிக்கொண்டு எழும் தப்பு மேளச் சத்தம், நடுவே யாரோ பிள்ளையை அதட்டுவது, எல்லாம் இருக்கிறது. ஏற்றிய கொஞ்ச நேரத்தில் ஐரோப்பாவில் எங்கோ இருக்கும் ஒருவர் எழுதினார்: "உங்கள் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்தானே? பின்னணியில் கேட்கும் ரீங்காரம் 52இல் இருக்கிறது. பதிந்த வேகத்தைவிட டேப் வேகமாக ஓடுகிறது, பாருங்கள்."

கணக்குப் போட்டால் நூற்றுக்கு நான்கு வீதம். அதைக் குறைத்து சித்திக்குப் போட்டுக் காட்டினேன். ரதி வேஷம் கட்டிய பெரியவர் பாடத் தொடங்கியதுமே, "ஆமா, இப்பதான் அவரு கொரலு மாதிரி இருக்கு" என்றார். தமிழில் ஒரு சொல்லும் அறியாத மனுசன், எங்கள் கோயில் கரண்டின் இரைச்சல்வரை கேட்டிருக்கிறார். நம்மூரில் அந்தக் கசெட்டை அவ்வளவு உன்னிப்பாகக் கேட்க யாரும் உட்கார்ந்ததில்லை. எந்தச் செயலியிலும் எனக்கு இது கிடைக்காது.

பண்டாரவளையிலிருந்து:

தம்பி, எங்க காலத்துல கசெட்டுல பாட்டுப் பதிஞ்சு கொடுத்த ரெக்கோடிங் பாரும் இதே கதைதான். பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்துட்டுக் காத்திருக்கணும். ஆனா முதலாளி நல்ல இசைத்தட்டுகளை எல்லாருக்கும் எடுக்க மாட்டார், கேட்கத் தெரிஞ்சவனுக்குத்தான்.

நான் தேடுறது எழுபதுகளின் இலங்கைத் தமிழ் பொப்பிசை. நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் பெயரெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவங்களைத் தவிர சின்னத் தட்டுல ரெண்டு பாட்டோட காணாமப் போனவங்க இருக்காங்களே, அவங்கதான் எனக்கு வேணும். குழுவுல ஒரு கோரிக்கை போட்டேன். கொண்டுவர்றவருக்குச் சன்மானமா மத்தவங்களும் தங்கள் பதிவேற்றக் கணக்குல இருந்து கொஞ்சம் கொஞ்சம் சேர்த்தாங்க. கனடாவுல இருந்து ஒருத்தர் கொண்டுவந்தார். பாட்டோட லேபில் படம், எந்த அச்சுன்னு காட்ட தட்டின் உள்வட்டத்துல கீறியிருக்கிற மேட்ரிக்ஸ் எண்ணும் சேர்த்து! காசு கொடுத்து வாங்கலாம்னாலும் விக்கிற கடை எங்க இருக்கு?

தலவாக்கலையிலிருந்து:

அண்ணே, கோவிச்சுக்காதீங்க. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தக் கூத்துல பாடினவங்க, தப்படிச்சவங்ககிட்ட யாராவது கேட்டாங்களா? நம்ம நாட்டு 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்துல கலைஞர்களுக்கும் உரிமை இருக்கு, நாட்டார் கலைக்கும் பாதுகாப்பு இருக்கு. கடையில கிடைக்காததைத் தேடுறது ஒரு பக்கம். அதே குழுவுல நேற்று வெளியான ஆல்பமும் கிடக்குதே, அதுக்கு என்ன சொல்றீங்க?

இன்னொன்னு. 2007 அக்டோபரில் ஓய்ங்க்னு இதே மாதிரி ஒரு பாட்டுக் குழுவைப் பொலிஸ் மூடினப்பவும், அப்புறம் வாட்.சிடி போனப்பவும் பாட்டுக் கோப்புகள் அவங்கவங்க கணினியில தப்பிச்சது. எது எந்தப் பதிப்பு, யார் வாசிச்சதுன்னு ஆயிரக்கணக்கானவங்க எழுதி வச்ச குறிப்பும் பட்டியலும்தான் அங்க இல்லாமப் போச்சு. நம்ம கூத்தையும் அப்படி ஒரு இடத்துல மட்டும் வைக்கலாமா? ஐரோப்பாக்காரர் கேட்கிறார், பக்கத்து லயத்துப் பிள்ளை கேட்க முடியாது. எனக்கு அதுதான் உறுத்துது.

மறுபடி ஹட்டன்:

நியாயமான கேள்வி தங்கச்சி. ரதியாகப் பாடியவர் இப்போது இல்லை. ஏற்றும் முன்னே அவர் மகனிடம் கேட்டேன். "அப்பா பேரு இருக்கணும்" என்றார், அவ்வளவுதான். பெயரும் தோட்டமும் டிவிசனும் குறிப்பில் இருக்கின்றன. கோயில் கமிட்டிக்கு ஒரு பென் டிரைவ் கொடுத்தாயிற்று. தோட்டத்து வாட்ஸ்அப் குழுவிலும் போட்டிருக்கிறேன். புது ஆல்பம் விசயத்தில் உங்களோடு வாதாட மாட்டேன், நான் அதைத் தொடுவதில்லை.

தப்படித்தவர்களில் ஒருவர் மட்டும் யாரென்று பிடிபடவில்லை. அவர் டிக்கோயா பக்கத்திலிருந்து கூத்துக்கு வந்தவர் என்கிறார் சித்தி. அந்தப் பக்கத்து ஆட்கள் யாராவது இதைப் பார்த்தால், தப்பு தனியாக வரும் துண்டை அனுப்புகிறேன். வீட்டுப் பெரியவர்களுக்குப் போட்டுக் காட்டி, அடி யாருடையது என்று கேட்டுச் சொல்லுங்கள்.